தேனீ எதைப் பார்த்துக் கற்கிறது: பயிற்சி மேடையருகே தெரிந்துகொண்டவை

தேனீக்கு ஒரு நிறத்தைப் பழக்க அதிக நேரம் ஆகாது. நீல அட்டையின் மேல் சர்க்கரைக் கரைசலை வைத்துவிட்டுக் காலையில் உட்கார்ந்தால், நண்பகலுக்குள் அது பக்கத்திலுள்ள மற்ற அட்டைகளைப் பொருட்படுத்தாமல் நீலத்துக்கே வந்து இறங்கும். ஆனால் அது நீலத்தைத்தான் கற்றதா, அந்த அட்டை இருந்த இடத்தைக் கற்றதா, முந்தைய வருகையில் தன் கால் விட்டுச்சென்ற மணத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறதா என்று கேட்டால், அதற்கு விடை காணத்தான் நாட்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கிறது. தேனீ வளர்ப்பில் தொடங்கி, பிறகு அவற்றின் பார்வை நினைவைச் சோதித்துப் பார்ப்பதில் மனம் ஊன்றிப் பல பருவங்களை அந்த மேடையருகே கழித்திருக்கிறேன். இதே வேலையில் இறங்க நினைக்கும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் தேனீ வளர்ப்போருக்கும் உதவக்கூடும் என்ற எண்ணத்தில், செய்முறையையும் அதன் பின்னால் இருக்கும் காரணங்களையும் இங்கே எழுதுகிறேன்.

தேனீப் பெட்டியின் வாசலருகே நீர்த்த சர்க்கரைக் கரைசல் கொண்ட சிறு கிண்ணத்தை வைத்து, நாலைந்து தேனீக்கள் குடிக்கத் தொடங்கியதும், அவை குடித்துக்கொண்டிருக்கும்போதே கிண்ணத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தி, சில பத்து மீட்டர் தள்ளியுள்ள மேடைக்குக் கொண்டுவர வேண்டும். இந்தக் கிண்ணத்தில் சர்க்கரை இருபது சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. கரைசல் அடர்த்தியாக இருந்தால் கூட்டுக்குத் திரும்பும் தேனீ நடனமாடி மற்றத் தேனீக்களுக்கு அழைப்பு விடுக்கும். அரைமணி நேரத்தில் மேடை முழுவதும் கூட்டமாகிவிடும், எந்தத் தேனீ எதைச் செய்தது என்று சொல்ல முடியாது. சோதனைக்குத் தேர்ந்தெடுத்த ஒரு தேனீயை மட்டும் அடர்த்தியான, அதாவது ஐம்பது சதவீதக் கரைசல் உள்ள அட்டைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். குடிக்கும் நேரத்தில் தேனீ எதையும் சட்டை செய்யாது என்பதால், மெல்லிய தூரிகையின் நுனியால் அதன் முதுகில் பெயிண்ட் புள்ளி வைப்பது எளிது. இறக்கையின் மூட்டிலோ கண்ணிலோ படாமல் பார்த்துக்கொண்டால் போதும். தேனீக் கொட்டினால் ஒவ்வாமை உள்ளவர்கள் இந்த வேலைக்கு வரவே கூடாது.

மேடைக்கு வந்த முதல் தேனீயின் முதல் புறப்பாட்டைக் கண்கொட்டாமல் பார்க்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்வேன். வயிறு நிறையக் குடித்த பிறகு அது நேரே கூட்டுக்குப் பறந்துவிடுவதில்லை. கிண்ணத்தை விட்டு ஒரு சாண் உயரம் எழும்பியதும் உடலைத் திருப்பி, தான் குடித்த இடத்தை நேருக்கு நேர் பார்த்தபடி, இடமும் வலமுமாகச் சின்னச் சின்ன வளைவுகள் போடுகிறது. ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் பின்னால் நகர்கிறது, கொஞ்சம் உயர்கிறது. தலை மட்டும் கிண்ணத்தின் பக்கமே இருக்கிறது. பிறகு மேடையையே சுற்றி விரிந்த வட்டங்கள் இட்டு, அதன் பின்புதான் கூட்டை நோக்கித் திரும்புகிறது. மிரியம் லேரர் என்னும் ஆய்வாளர் 1991-இல் இந்தத் திரும்பிப் பார்க்கும் செயலை விரிவாக விவரித்தார். வழி பழகப் பழக இந்த வளைவுகள் குறைந்து, சில வருகைகளுக்குப் பின் நின்றுபோகும். மேடையருகே உள்ள காட்சியை மாற்றிவிட்டால், அல்லது இலக்கைத் தேடிக் கண்டுபிடிப்பதில் தேனீ சிரமப்பட்டால், மீண்டும் தொடங்கும். ஆகவே கற்றல் நடக்கிறது என்பதற்குக் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் இதுதான். அந்த நேரத்தில் நாற்காலியை நகர்த்துவதும், புதிதாக ஒரு பையைக் கொண்டுவந்து மேடையருகே வைப்பதும், குனிந்து எட்டிப் பார்ப்பதும் கூடாது. நீங்களும் அந்தக் காட்சியின் ஒரு பகுதிதான். உட்காரும் இடத்தை முதலிலேயே முடிவு செய்துகொண்டு பயிற்சி முடியும்வரை அங்கேயே இருப்பது நல்லது.

பூச்சிக்கு நிறம் தெரியுமா என்ற கேள்வியே ஒரு காலத்தில் பெரிய சண்டையாக இருந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த சார்லஸ் ஹென்றி டர்னர், ஒரு பூங்காவில் நிற வட்டுகளையும் பெட்டிகளையும் வைத்துத் தேனீக்களைப் பழக்கி, 1910-இல் அவற்றின் நிறப் பார்வை பற்றியும் மறு ஆண்டில் வடிவப் பார்வை பற்றியும் எழுதினார். ஆய்வுக்கூட வசதி எதுவும் இல்லாமல் பள்ளி வேலைக்கு நடுவே அவர் செய்த அந்த வேலையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது. ஜெர்மனியில் கார்ல் ஃபோன் ஹெஸ் என்னும் கண் மருத்துவப் பேராசிரியர், தேனீக்கு நிறமே தெரியாது, வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம் மட்டுமே தெரியும் என்று வாதிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு மறுப்பாகக் கார்ல் ஃபோன் ஃபிரிஷ் 1914-இல் வெளியிட்ட சோதனை, இன்றைக்கும் புதிதாக வருகிறவர்கள் செய்து பார்க்க வேண்டியது. ஒரு நீல அட்டையை, வெளிர் சாம்பல் முதல் கருஞ்சாம்பல் வரை பல படிநிலைகளில் உள்ள அட்டைகளுக்கு நடுவே வைத்து, இடத்தை மாற்றி மாற்றிப் பழக்கினார். தேனீ வெளிச்சத்தை மட்டுமே பார்க்கிறது என்றால், அந்த நீலத்துக்குச் சமமான வெளிச்சமுள்ள ஏதோ ஒரு சாம்பலோடு அது குழம்பியாக வேண்டும். குழம்பவில்லை. சிவப்பு அட்டைக்குப் பழக்கியபோது மட்டும் கருஞ்சாம்பலோடும் கறுப்போடும் குழம்பியது. ஒரு விடையை நம்புவதற்கு முன், அதற்குப் போட்டியாக நிற்கக்கூடிய வேறு விளக்கத்தை மேடையிலேயே கொண்டுவந்து வைத்துவிடுவது என்ற அந்த முறையைத்தான் இந்தத் துறையின் முழு இலக்கணம் என்று கருதுகிறேன். அட்டைகளின் மேல் கண்ணாடித் தகடு வைத்து மணத்தை மறைத்ததும் அவர் செய்த நுட்பம்.

நம் கண்ணை வைத்து அட்டைகளைத் தேர்ந்தெடுப்பதுதான் புதியவர்கள் அறியாமல் சிக்கிக்கொள்ளும் முதல் சிக்கல். தேனீயின் கூட்டுக்கண்ணில் மூன்று வகை ஒளியுணரிகள் உள்ளன. அவை ஏறத்தாழ 344, 436, 544 நானோமீட்டர் அலைநீளங்களில் உச்ச உணர்வைக் காட்டுகின்றன. அதாவது புற ஊதா, நீலம், பச்சை. சிவப்பு அதன் எல்லைக்கு ஏறக்குறைய வெளியே நிற்கிறது. நமக்கு வெள்ளையாகத் தெரியும் காகிதத்தில் வெண்மை கூட்டும் வேதிப்பொருள் சேர்ந்திருக்கும். அது புற ஊதாவை விழுங்கிவிட்டு நீல ஒளியை உமிழ்வதால், தேனீக்கு அந்தக் காகிதம் வெள்ளையாக இருக்காது, நிறமுள்ள பொருளாகவே தெரியும். ஆகவே ‘வெள்ளைப் பின்னணி’ என்று நாம் நினைத்து வைப்பது தேனீக்கு நடுநிலையான பின்னணி ஆகாது. இதே காரணத்தால் மஞ்சளும் ஆரஞ்சும் நமக்கு எளிதில் வேறுபட்டாலும், இரண்டு அட்டைகளும் தேனீக்கு மிக நெருக்கமாகத் தோன்றக்கூடும். பின்னணிக்குச் சாம்பல் நிற அட்டையையே வைப்பதும், முதற்பயிற்சிக்கு நீலத்தையும் மஞ்சளையும் எதிரெதிரே வைப்பதும் பாதுகாப்பான தொடக்கம். ஆனால் பூவையே பாராத இளம் தேனீக்கும் நீலம், ஊதா ஆகியவற்றின் மேல் இயல்பான நாட்டம் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கில் கொள்ள வேண்டும். பாதித் தேனீக்களை நீலத்துக்கும் மீதிப் பாதியை மஞ்சளுக்கும் பழக்கினால்தான் நாட்டத்தையும் கற்றலையும் பிரிக்க முடியும். அறைக்குள் வேலை செய்வோர் விளக்கையும் கவனிக்க வேண்டும். பழைய குழல்விளக்குகள் நொடிக்கு 100 அல்லது 120 முறை மினுங்குகின்றன. நாம் அதை உணர்வதில்லை, நொடிக்கு 200 முறை மினுங்குவதையும் பிரித்தறியும் தேனீயோ உணர்கிறது.

தூரம் என்ற விஷயத்தைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. மார்ட்டின் ஜுர்ஃபாவும் உடன் பணியாற்றியவர்களும் 1990-களில் காட்டியபடி, ஒரு வட்டு தேனீயின் கண்ணில் ஏறத்தாழ 15 பாகைக் கோணம் பிடிக்கும் அளவுக்கு நெருங்கிய பின்புதான் அதன் நிறம் தேனீக்குப் பயன்படுகிறது. பச்சை உணரிக்குப் பின்னணியிலிருந்து தூக்கலாகத் தெரியும் வட்டாக இருந்தால் 5 பாகையிலேயே அது கண்ணில் படுகிறது, ஆனால் நிறமாக அல்ல. 10 செ.மீ. விட்டமுள்ள வட்டு 15 பாகை பிடிப்பது ஏறத்தாழ 38 செ.மீ. தூரத்தில், 5 பாகை பிடிப்பது 114 செ.மீ. தூரத்தில். எனவே இரண்டு மீட்டர் தள்ளி நின்று ஒரு தேனீ ‘மஞ்சளை விட்டு நீலத்தைத் தேர்ந்தெடுத்தது’ என்று சொல்வதற்கு இடமே இல்லை. அந்தத் தூரத்திலிருந்து நேராக ஓர் அட்டையை நோக்கி வந்தால் அது இடத்தை நினைவில் வைத்து வருகிறது என்றுதான் பொருள். என் குறிப்பேட்டில் தேனீ வந்த திசையையும், எந்தத் தூரத்தில் அது வேகம் குறைத்து மிதந்தபடி தயங்கியது என்பதையும் தனித்தனியே எழுதுகிறேன். தயங்கும் அந்த ஓரிரு நொடிகளில்தான் தேர்வு நடக்கிறது. உணர்கொம்புகள் முன்னே நீண்டு, பின்னங்கால்கள் தொங்கி, உடல் ஒரு விரற்கடை தூரத்தில் அட்டையின் முன் அப்படியே நிற்கும். பிறகு இறங்கும், அல்லது விலகி அடுத்த அட்டைக்குப் போகும். இறங்கியதை மட்டும் எண்ணாமல், நெருங்கி வந்து விலகியதையும் எண்ண வேண்டும். விலகிப்போன அட்டையும் தேனீ என்ன கற்றிருக்கிறது என்பதை நமக்குச் சொல்கிறது.

இனி, நிறத்தைத் தவிரத் தேனீ பிடித்துக்கொள்ளக்கூடிய மறைமுகமான குறிப்புகள். இந்த வேலையில் மிக அதிகமான உழைப்பைக் கேட்பது இதுதான். தேனீ தான் இறங்கிய இடத்தில் காலின் வழியாக மணத்தை விட்டுச் செல்கிறது. வளமான இடமாக இருந்தால் வயிற்றின் நுனிக்கு அருகிலுள்ள நாசனோவ் சுரப்பியைத் திறந்து மற்றவற்றையும் அழைக்கிறது. பத்து முறை ஒரே நீல அட்டையில் குடித்த தேனீ, அட்டையின் நிறத்தை நாம் முற்றிலும் மாற்றிவிட்டாலும் அந்த மணத்தைத் தேடி இறங்கக்கூடும். ஒவ்வொரு வருகைக்கும் இடையே அட்டைகளை ஸ்பிரிட்டால் துடைத்து உலரவிட வேண்டும், அல்லது ஒரே நிறத்தில் பல அட்டைகள் வைத்துக்கொண்டு மாற்ற வேண்டும். சோதனை நேரத்தில் தேனீ அதுவரை தொடாத புதிய அட்டைகளையே வைக்க வேண்டும். சர்க்கரைக் கரைசலுக்கே ஈரப்பதம் உண்டு என்பதால், பரிசு இல்லாத அட்டையிலும் அதே அளவு வெறும் தண்ணீரை வைக்க வேண்டும். பயிற்சியின்போது ஒரு துளி சிந்தினாலும் அந்த மேடைத் துணியை மாற்றிவிடுவது என் வழக்கம்.

இடத்தின் பிடியும் வலிமையானது. மஞ்சள் புள்ளி வைத்த ஒரு தேனீ, நீல அட்டை இடப்பக்கத்தில் இருந்தபோது தொடர்ந்து நான்கைந்து முறை குடித்துவிட்டுப் போயிருந்தது. அட்டைகளை இடம் மாற்றியபின் அது வந்த விதத்தை நெருக்கத்தில் இருந்து பார்த்தேன். பழைய வழியிலேயே இடப்பக்கம் வந்து, மஞ்சள் அட்டையின் முன் மிதந்து, பின்வாங்கி, மீண்டும் அதே இடத்துக்கு வந்து, இந்த முறை இன்னும் நெருங்கிப் பார்த்து, பிறகு வலப்பக்கம் திரும்பி நீலத்தின் முன் போய் நின்றது, உடனே இறங்கிவிடவில்லை. நிறம் சரியாக இருக்கிறது, இடம் மாறியிருக்கிறது என்ற இரண்டுக்கும் நடுவே அது சீர்தூக்கிக்கொண்டிருந்தது என்றே எனக்குத் தோன்றியது. ஒரு தேனீ எத்தனை வகைக் குறிப்புகளை ஒருங்கே நினைவில் வைக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக நான் கண்டதில்லை. செய்முறையாகச் சொன்னால், முதல் வருகையிலிருந்தே இடத்தை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். அந்த மாற்றமும் இடம், வலம், இடம், வலம் என்ற ஒழுங்கில் இருக்கக் கூடாது. முன்கூட்டியே நாணயம் சுண்டிப் பட்டியல் எழுதி வைத்துக்கொள்வது நல்லது, அதிலும் ஒரே பக்கம் மூன்று முறைக்கு மேல் தொடர்ந்து வராமல் திருத்திக்கொள்ள வேண்டும். மற்றத் தேனீக்களையும் மறந்துவிட முடியாது. ஓர் அட்டையில் வேறொரு தேனீ குடித்துக்கொண்டிருந்தால், புதிதாக வரும் தேனீ அதைப் பார்த்தே அங்கே இறங்குவதுண்டு. அதனால்தான் ஒரு நேரத்தில் ஒரு தேனீ என்ற விதியைத் தளர்த்துவதே இல்லை.

இவற்றையெல்லாம் சரிசெய்த பிறகுதான் கற்றல் என்பதன் உள்ளமைப்பு தெரியத் தொடங்குகிறது. ஒரே ஒரு வடிவத்தை மட்டும் வைத்துப் பரிசு கொடுத்தால், தேனீ அதன் பொதுவான தோற்றத்தை மட்டும், பல நேரங்களில் அடிப்பகுதியை மட்டும் கற்றுக்கொண்டு நிறைவடைந்துவிடுகிறது. பரிசுள்ள வடிவத்தோடு பரிசில்லாத வடிவத்தையும் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் இடையே தேர்வு செய்யக் கட்டாயப்படுத்தினால், அதே தேனீ வடிவத்தின் முழுப் பரப்பையும் பயன்படுத்துகிறது, முன்பு பிரித்தறியாத நுண்ணிய நிற வேறுபாட்டையும் பிரித்தறிகிறது. இரண்டு சாயல்களைத் தேனீயால் பிரிக்க முடியாது என்று யாராவது முடிவு சொன்னால், அவர்கள் எந்த முறையில் பழக்கினார்கள் என்று கேட்பது என் முதல் கேள்வி. தவறான தேர்வுக்கு வெறும் தண்ணீர் வைப்பதற்குப் பதிலாகக் கசப்பான குயினைன் கரைசலை வைத்தால் வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. லார்ஸ் சிட்காவும் உடன் பணியாற்றியவர்களும் 2003-இல் பம்பிள் தேனீக்களை வைத்துச் செய்த ஆய்வில், தவறுக்குத் தண்டனை இருக்கும்போது தேனீக்கள் அதிக நேரம் எடுத்துக்கொண்டு சரியாகத் தேர்ந்தெடுத்தன. தண்டனை இல்லாதபோது தவறான அட்டையில் இறங்குவதால் ஒரு நொடிதான் நட்டம். அதற்காக நின்று நிதானிப்பது ஆதாயம் இல்லை. எனவே தேர்வு தவறாக இருந்தால் தேனீக்குத் தெரியவில்லை என்று எழுதிவிடாமல், கவலைப்பட அதற்குக் காரணம் இருந்ததா என்று பார்ப்பதே நேர்மையான அணுகுமுறை. கசப்பை முதல் வருகையிலேயே வைக்கக் கூடாது. வழி நன்றாகப் படிந்த பிறகு வைத்தால்தான் தேனீ மேடையையே விட்டுப் போகாமல் இருக்கும்.

நினைவு எவ்வளவு காலம் நிற்கிறது என்பதைப் பற்றி ராண்டால்ஃப் மென்செலின் ஆய்வுகள் தெளிவான சித்திரம் தருகின்றன. இறங்குவதற்கு முந்தைய கடைசிச் சில நொடிகளில் கண்ட நிறமே பரிசோடு அழுத்தமாகப் பிணைகிறது. ஒரே ஒரு பரிசுக்குப் பின் உண்டாகும் நினைவு சில நாட்களில் தேய்ந்துவிடுகிறது. மூன்று பரிசுகளுக்குப் பின் உண்டாகும் நிற நினைவு வாரக்கணக்கில், அதாவது வெளிவேலைக்குப் போகும் தேனீயின் எஞ்சிய ஆயுள் முழுவதற்கும் போதுமான அளவுக்கு நிலைக்கிறது. பத்து லட்சத்துக்கும் சற்றுக் குறைவான நரம்பணுக்கள் கொண்ட மூளையில் இது நடக்கிறது; அவற்றில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் காளான் வடிவ நரம்புத் திரட்டுகளில் அடங்கியிருக்கின்றன, கண்ணிலிருந்தும் உணர்கொம்பிலிருந்தும் வரும் செய்திகள் அங்கே சந்திக்கின்றன. அடைமழைக்குப் பிறகு வெயில் வந்த காலையில், பல நாட்கள் மேடைக்கு வராதிருந்த புள்ளி வைத்த தேனீக்கள் நான் கிண்ணத்தை வைப்பதற்கு முன்பே வந்து மேடையைச் சுற்றுவதைக் கண்டிருக்கிறேன். அட்டைகளை வைத்ததும் அவற்றில் பெரும்பாலானவை பழகிய நிறத்தையே முதலில் நாடின. இதில் நேரத்தின் பங்கும் உண்டு. தேனீக்களை நாளின் குறிப்பிட்ட நேரத்துக்குப் பழக்க முடியும் என்று இங்கெபோர்க் பேலிங் 1929-இலேயே காட்டியிருக்கிறார். காலையில் பழக்கிவிட்டு மாலையில் சோதித்தால், நிறத்தை மறந்ததா, அந்த நேரத்தில் அங்கே எதுவும் கிடைக்காது என்று நினைக்கிறதா என்று பிரிக்க முடியாது. பழக்கிய நேரத்திலேயே சோதிக்க வேண்டும்.

சோதனை என்று நான் சொல்வது பரிசு இல்லாத சோதனையை. எல்லா அட்டைகளிலும் வெறும் தண்ணீரை வைத்துவிட்டு, ஓரிரு நிமிடங்கள் மட்டும் தேனீ எதை நெருங்குகிறது, எதைத் தொடுகிறது என்று பதிவு செய்து, உடனே பரிசுள்ள அட்டையை மீண்டும் வைத்துவிட வேண்டும். நீட்டித்தால் தேனீ அந்த நிறத்தில் எதுவுமில்லை என்ற புதிய பாடத்தைக் கற்கத் தொடங்கிவிடும். பதிவுகளைக் கூட்டமாகச் சேர்த்து எழுதாமல் தேனீவாரியாக எழுத வேண்டும் என்பதை மிக வலியுறுத்திச் சொல்வேன். ஒரே கூட்டைச் சேர்ந்த தேனீக்களுக்குள்ளும் சில மின்னலாக இறங்கித் தவறு செய்கின்றன, சில நிதானமாகப் பார்த்துச் சரியாக இறங்குகின்றன. பத்துத் தேனீக்களின் தேர்வுகளைக் கூட்டிச் சராசரி எடுத்தால், அந்தப் பத்தில் எந்த ஒரு தேனீயும் நடந்துகொள்ளாத ஒரு நடத்தை கிடைக்கும்.

தேனீ வளர்க்க வசதி இல்லாதவர்கள் மண்ணில் தனியே வளை தோண்டும் குளவியைப் பார்க்கலாம். நிக்கோ டின்பெர்கன், தேனீக்களைப் பிடித்துத் தன் புழுக்களுக்கு உணவாக்கும் ஃபிலாந்தஸ் என்னும் குளவியை நெதர்லாந்தில் ஆராய்ந்து 1932-இல் எழுதினார். குளவி வளைக்குள் இருக்கும்போது வாயிலைச் சுற்றிப் பைன் காய்களை வட்டமாக அடுக்கினார். வெளியே வந்த குளவி மேலே சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. அது வேட்டைக்குப் போயிருந்த நேரத்தில் வட்டத்தைச் சற்றுத் தள்ளி வைத்தார். திரும்பி வந்த குளவி கண்ணெதிரே இருந்த வளையை விட்டுவிட்டு வட்டத்தின் நடுவில் தேடியது. சிறு கற்களை வைத்து இதை யாரும் செய்யலாம். கற்களை ஒரு சாணுக்கு மேல் தள்ளத் தேவையில்லை. இரண்டொரு முறை பார்த்ததும் பழைய இடத்திலேயே வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இரையோடு வந்த குளவி அலைந்து களைத்துப்போகும். பழ ஈயைப் போன்ற சிறு பூச்சிக்கும் இந்த இட நினைவு உண்டு. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், சூடான தரையின் ஒரே ஒரு குளிர்ந்த இடத்தைச் சுற்றுச்சுவரில் உள்ள காட்சிகளை வைத்து ஈக்கள் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டன. அதற்கு மூளையின் நடுப்பகுதியிலுள்ள நீள்வட்ட உறுப்பு தேவைப்பட்டது, காளான் வடிவத் திரட்டுகள் தேவைப்படவில்லை. மணத்தைக் கற்பதற்கு ஓரிடம், இடத்தைக் கற்பதற்கு வேறோர் இடம் என்று அவ்வளவு சிறிய தலைக்குள்ளும் பகிர்வு இருக்கிறது.

பெரிய கூற்றுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2001-இல் ஜுர்ஃபாவும் மற்றவர்களும், இரண்டாகப் பிரியும் கூண்டின் வாயிலில் ஒரு நிறத்தைக் காட்டி, உள்ளே அதே நிறத்தைத் தேர்ந்தெடுக்கத் தேனீக்களைப் பழக்கியபோது, அவை முன்பின் பாராத கோடுகளுக்கும் அந்த விதியைப் பொருத்தின. நான்கு அடையாளங்கள் வரை எண்ணிப் போகும் தேனீக்களை 2008-இல் மேரி டாக்கேயும் மந்தயம் ஸ்ரீநிவாசனும் காட்டினார்கள். வெறுமையான அட்டையைப் புள்ளிகள் உள்ள அட்டைகளைவிடக் குறைவானதாக நடத்தும் தேனீக்கள் பற்றி 2018-இல் ஆய்வு வந்தது. புள்ளிகளின் எண்ணிக்கை மாறும்போது கூடவே மாறும் வேறு காட்சிப் பண்புகளைத் தேனீ பயன்படுத்தியிருக்கலாம் என்ற மறுப்பும் 2021-இல் வந்தது. இப்படி மறுப்பு எழுவதை நான் வரவேற்கிறேன். ஃபிரிஷின் சாம்பல் அட்டைகள் செய்ததும் இதே வேலைதான். வடிவ அட்டைகளைத் தயாரிக்கும்போது கறுப்புப் பரப்பின் மொத்த அளவு, விளிம்புகளின் மொத்த நீளம், பரவல் ஆகியவற்றைச் சமமாக்கிக்கொண்டு, பழக்காத புதிய வடிவத்திலும் தேனீ அதே தேர்வைச் செய்கிறதா என்று பார்க்காதவரை, விதியைக் கற்றது என்று நான் எழுதுவதில்லை. மனித முகங்களின் படங்களைத் தேனீக்கள் பிரித்தறிந்தன என்ற 2005-ஆம் ஆண்டு ஆய்வையும் அப்படியே படிக்கிறேன். தேனீக்கு அது ஆள் அடையாளம் அல்ல, ஒரு குறிப்பிட்ட அமைப்பில் அடுக்கப்பட்ட இருளும் ஒளியும். அந்த அமைப்பைத் தேனீ கற்றுவிட்டது என்பதே போதுமான அளவு வியப்புக்குரியது. முகத்தை முகமாகவே கற்கும் பூச்சியும் இருக்கிறது. போலிஸ்டெஸ் ஃபஸ்கேடஸ் என்னும் காகிதக் குளவி, தன் இனத்தின் முகங்களை மற்ற வடிவங்களைவிட விரைவாகக் கற்கிறது என்று 2011-இல் ஷீஹனும் டிபெட்ஸும் காட்டினார்கள். பல ராணிகள் சேர்ந்து கூடு கட்டும் அந்த இனத்துக்கு யார் யார் என்று தெரிந்திருக்க வேண்டிய தேவை இருக்கிறது. பெரும்பாலும் தனி ராணியாகக் கூடு கட்டும் நெருங்கிய உறவினத்திடம் அந்தத் திறமை இல்லை.

பயிற்சியை முடிக்கும் முறையும் செய்முறையின் ஒரு பகுதி. கிண்ணத்தை ஒரே நாளில் எடுத்துவிட்டால், பழகிய தேனீக்கள் அதே நேரத்துக்கு வந்து சுற்றுப்புறமெங்கும் தேடும், அருகிலுள்ள வலுக்குறைந்த கூட்டில் புகுந்து கொள்ளையடிக்கவும் கூடும். கரைசலின் அடர்த்தியை இரண்டு மூன்று நாட்களில் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தால், பூக்கள் மலிந்த பருவத்தில் அவை தாமாகவே வேறு இடம் பார்த்துக்கொள்ளும். பூ இல்லாத பருவத்தில் பயிற்சியைத் தொடங்காமல் இருப்பதே நல்லது. தேன் எடுக்கப்போகும் கூட்டைப் பயிற்சிக்குப் பயன்படுத்தவும் கூடாது, ஏனென்றால் மேடையில் குடித்த சர்க்கரை நேரே அந்த அடைகளுக்குத்தான் போகிறது.